பேனரில் வந்த என் போன் நம்பர்

ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் புடவைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது என் வேலை. பொம்மைக்குப் புடவை கட்டி, முந்தானையை விரித்து, சரிகை மின்னும்படி லைட்டைத் திருப்பி வைத்து எடுப்பேன். வெளியூர்க்காரர்கள் படத்தைப் பார்த்தே பணம் அனுப்பிவிடுவார்கள். பல வருஷம் இப்படியே போன பிறகு எனக்கு ஒரு கோபம் வந்தது. என் படத்தைப் பார்த்துத்தானே புடவையை வாங்குகிறார்கள், படத்தை மட்டும் ஏன் ஒருவரும் வாங்குவதில்லை?

சொந்தமாக எடுத்த போட்டோவை விற்பது எப்படி என்று யூடியூபில் ஒரு தம்பி பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அவன் பேச்சை நம்பி, சீட்டுப் பணத்தில் ஒரு கேமரா வாங்கினேன். முதலில் முள்ளிப்பட்டுக்குப் போய்த் தறிகளை எடுத்து, அவன் சொன்ன வெப்சைட்டில் ஏற்றினேன். இதுபோல எங்களிடம் நிறைய இருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த வீடியோவில் தம்பி முகங்களை எடுக்கச் சொன்னான். யாரும் திருடாமலிருக்கப் படத்தின் மூலையில் போன் நம்பரைப் போடச் சொன்னான். இரண்டையும் செய்தேன்.

என் ஆசை ரொம்பப் பெரியதெல்லாம் இல்லை. யாராவது ஒருவர், நான் எடுத்த தன் படத்தைக் காசு கொடுத்து வாங்கி, தன் வீட்டுச் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் என் கேமராவில் மாட்டியவர் எதிர்வீட்டுப் பெரியவர். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தபோது எடுத்தேன். போனில் அனுப்பினேன். “நல்லாக்கீதும்மா” என்றார். வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

சில மாதம் கழித்து அவர் இறந்துபோனார். நான் துக்கம் கேட்டுவிட்டு வருவதற்குள் அவர் மகன் அந்தப் படத்தை பேனர் கடைக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் பஸ் ஸ்டாண்டு முனையில் ஆளுயரத்துக்கு பேனர். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். வந்த படத்தை வந்தபடியே அடித்துவிட்டதால், அவர் சட்டைப் பையை ஒட்டி என் போன் நம்பரும் இருந்தது. எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்தே படிக்கலாம்.

காரியம் முடிந்ததும் மகன் ஒரு கவரை நீட்டினார். “எங்கப்பா இவ்ளோ அழகுன்னு எங்களுக்கே தெரியலீங்க” என்றார். வாங்கவும் கூச்சம், வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம். வாங்கிக்கொண்டேன். அதுதான் என் முதல் விற்பனை.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. “பேனர்ல சிரிச்சிகினு இருக்காரே, அவரை எடுத்தது நீங்கதானா? எங்க மாமனாரையும் அந்த மாதிரி ஒண்ணு எடுக்கணுங்க. உடம்பு நல்லாத்தான் இருக்காரு. இருந்தாலும் கைவசம் ஒண்ணு இருக்கட்டும்னு.”

உங்களுக்கென்று ஒரு துறை தானாக அமையும் என்று யூடியூப் தம்பி சொல்லியிருந்தான். அமைந்துவிட்டது.

தேவிகாபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். கொல்லையில் மணிலாக் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த தாத்தாவைக் கூட்டி வந்து, வெள்ளைச் சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்று மருமகளைக் கேட்டார்.

“ஆதார் கார்டுக்கு மாமா.”

நான் வாய் தவறி, “கொஞ்சம் சிரிங்க ஐயா” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆதாருக்கு சிரிக்கக் கூடாதுன்னு அப்போ சொன்னானே.”

மருமகள் என் பக்கம் திரும்பி முறைத்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. “சரி, எடு. பொறுமையாவே எடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார். எடுத்த படத்தைக் காட்டுங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. மருமகள் பிரிண்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. நான் கேமராவோடு தெருவில் நடந்தால் வயதானவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். டீக்கடையில் ஒருவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். வீட்டில் என் மாமியார் பிடித்துக்கொண்டார்.

“உன்னால சர்ச்சுல என் பக்கத்துல ஒருத்தியும் உக்கார மாட்டேங்கறா. பெரிய பேஜாரா இருக்குது.”

“அத்தை, உங்களை ஒண்ணு எடுக்கட்டுங்களா?” என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

“என்னையும் வித்துடலாம்னு பாக்கறியா?”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் குளியலறைக்குப் போய் அழுதேன். ஊருக்குப் பயம் இருக்கட்டும், வீட்டில் ஒருவராவது என் படத்தை ஆசையோடு கேட்கக் கூடாதா? கேமராவைப் பரண்மேல் போட்டுவிட்டு, பொம்மைக்குப் புடவை கட்டுவதோடு நின்றுகொண்டேன். பொம்மை என்னைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த அத்தை பட்டுப்புடவையை மாற்றவில்லை. ஹாலில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்றார்.

“போய் அந்த கேமராவை எடுத்துகினு வா. சும்மா வேணாம், காசு குடுத்துதான் வாங்குவேன்.”

பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டு வந்தேன். கண்ணில் வைத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீயும் வந்து நில்லு.”

“நான் எதுக்குங்க அத்தை?”

“ரெண்டு பேரு இருந்தா பேனர்ல போட முடியாது, இல்ல?”

டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே, “பக்கத்துல இருக்கறவங்கள வெட்டிட்டுப் போட்டுடுவாங்கம்மா. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை” என்றார்.

அத்தை யோசித்தார். நான் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். சிவப்பு லைட் மின்ன ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைத் தொட்டுப் பேசியறியாத அத்தை, என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்து, கன்னத்தோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டார்.

“இப்போ எப்டி வெட்டறான்னு பாக்கறேன்.”

படத்தில் அவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். காசைக் கொடுத்தபோது, “நான் இருக்கச்சே பாக்கறதுக்குத்தான் வாங்கறேன், தெரிஞ்சிக்கோ” என்றார். சனிக்கிழமைகளில் அதை இறக்கி முந்தானையால் துடைக்கிறார். முதலில் என் முகத்தைத்தான் துடைக்கிறார்.