உப்புக்குச் சதுர டப்பா

இன்று மலேசியாவின் பத்தாங் காலி ஊரில், எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி என்று விற்கும் கடையில் பிளாஸ்டிக் டப்பா தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பதி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

அந்த அண்ணன் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து அந்த அக்கா கையில் கொடுக்கிறார். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "இது வேணாம்" என்று திருப்பித் தருகிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, இந்தக் கண்ணாடி மாதிரி உள்ளதை எடுங்க. உள்ள என்ன இருக்குன்னு பார்த்ததும் தெரியும்லா" என்றேன்.

அக்கா என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. இனிப்பு நீரு, அதான் சர்க்கரை வியாதி. போன வருசத்துலேர்ந்து இப்படித்தான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவரே பேச்சைத் தொடர்ந்தார். "சதுர டப்பாவுல உப்பு, வட்ட டப்பாவுல சீனி. மிளகாத்தூள் மூடியில ஒரு ரப்பர் பேண்ட். எடுத்த இடத்துலயே திரும்ப வச்சா எல்லாம் கைக்கு வந்துரும். இன்னும் நான்தான் சமைக்கிறேன்."

"முன்ன நான் போட்டது போட்டபடி கெடக்கும்" என்றார் அண்ணன். "ஒரு நாள் நான் நகர்த்திப் போட்ட நாற்காலியில இடிச்சு விழுந்துட்டா. அதுக்கப்புறம் நான் எதையும் நகர்த்துறதே இல்ல."

"கண்ணு போனது எனக்கு. அப்படியும் சாமான் தேடுறது இவருதான்!" என்றார் அக்கா.

அண்ணன் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து கவுண்டருக்கு அழைத்துப் போனார்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் கேட்கிறார், "கத்தரிக்கோல் எங்க?"

அவர் கண்ணெதிரே, மேசை மேல்.

உங்க வீட்டுல தேடுறது யாரு?