மாமா ஏறவேண்டிய கப்பலும் என் எறும்புப் பானையும்

எறும்பு வளர்ப்பதில் நான் செய்த முதல் தவறு, ஒரு கைப்பிடி எறும்பைக் கொட்டாங்குச்சியில் அள்ளிவந்து, பனைவெல்லத்தைப் போட்டு மூடிவைத்தது. சில நாட்களிலேயே ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. வேளாவேளைக்குத் தீனி போட்டும் செத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? திட்டிக்கொண்டேதான் கொட்டினேன்.

தாய் எறும்பை விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் கொண்டுவந்தால் நிலைக்காது என்று மாமாதான் சொன்னார். அம்மாவின் ஒரே தம்பி. பனைமரத்தடியில் தோண்டி, பருத்த தாயையும் வெள்ளை வெள்ளையான முட்டைகளையும் கூட்டத்தோடு எடுத்து மண்பானையில் விட்டுக்கொடுத்தார். தப்பி ஓடாமலிருக்கப் பானையை ஒரு தண்ணீர்த் தட்டில் உட்கார்த்தி வைத்தோம். அதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் எறும்பு வராம இருக்கத் தண்ணி வெப்பாங்க. இது எறும்பு போவாம இருக்கத் தண்ணி வெக்குது. நான் இன்னா பாவம் பண்ணனோ!"

ஆனால் தூக்கி எறிய அவளுக்குத் தைரியமில்லை. அவை கடிக்காத கறுப்பு எறும்புகள், பிள்ளையார் எறும்புகள். கொன்றால் பாவம். அதனால் வாயால் மட்டும் கொன்றுகொண்டிருந்தாள்.

அந்தப் புரட்டாசியில் மாமா எங்கள் கரையில் கோட்டை கட்டியிருந்த உலாந்தாக்காரர்கள் என்ற டச்சு வெள்ளைக்காரர்களின் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் போவதாக முடிவாயிற்று. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அம்மா. பத்தாவியா போனவர் எவரும் எங்கள் குப்பத்துக்குத் திரும்பியதில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. போக வழி தெரிந்தவருக்கு வர வழி தெரியாதா? எறும்புகள் உள்ளே என்ன செய்கின்றன என்று பார்க்க எனக்கு ஒரு கண்ணாடிச் சாடி வாங்கிவருவதாக மாமா சொல்லியிருந்தார். அவர் சீக்கிரம் போனால்தானே சீக்கிரம் வருவார்?

கப்பல்கள் கரைவரை வரமாட்டா. கடலில் தள்ளி நிற்கும். ஆட்களையும் துணிப்பொதிகளையும் மசூலாப் படகுகளில்தான் அலை தாண்டிக் கொண்டுபோக வேண்டும். என் நைனா அந்தப் படகுக்காரர்களுக்குத் தலைவர். ஆக, மாமாவைக் கப்பலேற்ற வேண்டியவரும் அவர்தான்.

புறப்படும் நாள் காலையில் பானை மணல் காய்ந்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். உள்ளே வெள்ளம். எறும்புகள் ஆளுக்கொரு முட்டையைக் கவ்விக்கொண்டு பானை விளிம்புக்கு ஏறத் தொடங்கின. கட்டுச்சோற்று மூட்டையோடு வந்த அம்மா அதைப் பார்த்து நின்றாள். என் கையிலிருந்த சொம்பையும் பார்த்தாள். பிறகு வாசலுக்கு ஓடிக் கத்தினாள்.

"எறும்பு முட்டையத் தூக்கினு மேல ஏறுது! யாரும் படகு எறக்காதீங்க!"

எறும்பு முட்டையோடு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்பது எங்கள் கரையில் குழந்தைக்கும் தெரியும். ஐப்பசிப் புயல் நெருங்குகிற நேரம் வேறு. ஆண்கள் வந்து பானையைச் சுற்றி நின்று முகம் சுருக்கினார்கள். நான்தான் தண்ணீர் ஊற்றினேன் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதற்குமேல் சொன்னபோது அம்மா என் முதுகில் ஒன்று வைத்து, "கம்முனு கெட" என்றாள். பொய் சொன்னாலும் அடி, உண்மை சொன்னாலும் அடி என்றால் ஒரு பிள்ளை என்னதான் செய்யும்?

கோட்டைச் சேவகன் மூச்சிரைக்க வந்தான்.

"இன்னாய்யா இது, வானத்துல துண்டு மேகம் இல்ல. எறும்பு சொல்லிச்சினு துரைகிட்ட நானா போய் சொல்றது?"

"நம்பலன்னா துரையவே வந்து எறும்பாண்ட கேட்டுக்கச் சொல்லு" என்றார் நைனா.

அன்று முழுக்க வெயில் மண்டையைப் பிளந்தது. மாமா நிழலில் உட்கார்ந்து நண்டுக் குழம்பு சாப்பிட்டார். அம்மா அவருக்கு ஓடு உடைத்து உடைத்துப் போட்டு, என்னென்னவோ பழங்கதை பேசிச் சிரித்தாள். என் சாடி தள்ளிப்போகிறது, இவர்களுக்கு நண்டு கேட்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. முந்தின நாளே மணல் காய்ந்து எறும்புகள் உள்ளே இறங்கிவிட்டிருந்தன. ஆனாலும் எழுந்து பார்த்தால் மறுபடியும் முட்டையோடு விளிம்பில் நிற்கின்றன! எனக்கே பயமாகிவிட்டது. மறுபடியும் படகு இறங்கவில்லை. மறுபடியும் நல்ல வெயில்.

அதற்கடுத்த காலையும் அதே கூத்து. இன்றைக்கும் ஆளும் பொதியும் வராவிட்டால் கப்பல் நங்கூரம் எடுத்துவிடும், அப்புறம் உங்களுக்குப் படகுவேலையே கிடையாது என்று சேவகன் சொல்லிவிட்டுப் போனான். நைனா பானைக்குள் விரலை விட்டு மணலைத் தொட்டுப் பார்த்தார். அம்மாவின் நனைந்திருந்த முந்தானையைப் பார்த்தார். விரலில் ஒட்டிய ஈர மணலைத் தட்டிவிட்டு, "போதும்மே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, படகை இறக்கச் சொன்னார்.

அப்பாடா, ஒருவருக்காவது புத்தி வந்ததே என்று நான் குதித்தேன். மாமாவின் மூட்டையை நானே கரைவரை தூக்கிப் போனேன். படகு அலையைத் தாண்டுகிறவரை சாடியின் அளவைக் கையால் காட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா கரைக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோது அவள் பானைமுன் குந்தியிருந்தாள். ஈர மணலைச் சிறிது சிறிதாக வழித்தெடுத்துக் காய்ந்த மணலைப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பாவம், ரொம்பத்தான் அலையவுட்டுட்டேன் உங்கள" என்று எறும்புகளிடம் சொன்னாள்.

தினமும் பாடுபட்டு வளர்க்கிறவள் நான். பானைப் பக்கமே வராதவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவளை நகரச் சொல்லிவிட்டு மீதி மணலை நானே மாற்றினேன்.