அரக்கு வைத்த கடிகாரம்

எனக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று இரண்டு வாக்குகள் கொடுக்கப்பட்டன. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுக் கைக்கடிகாரம் கட்டுவதாக என் அப்பா சொன்னார். பள்ளிக்கூடம் திறந்ததும் நான் வேலைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். அதன் பிறகுதான் வெற்றிலைத் தட்டு மாறியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த பெண்கள் பள்ளி ஒன்றில் எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் ஒரு பெண் மாதச் சம்பளத்துக்குப் போவது அப்போது பெரிய விஷயம். பருத்திவிதையும் புண்ணாக்கும் விற்றுவந்த என் அப்பா அந்த உத்தரவைக் கடையில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் திருச்சுழியில் இரும்புக்கடை வைத்திருந்தார்கள். அங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு வந்துவிடலாம். மாமனாரே கணக்குப் போட்டு, "வீட்டுல இருந்து என்ன செய்யப் போகுது? போயிட்டு வரட்டும்" என்று சொன்னார். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன் என்றால் அதில் மிகையில்லை.

கைக்கடிகாரம் மாப்பிள்ளையின் ஆசை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஏதோ வேலையாகப் போனபோது ஒரு பொறியாளரின் கையில் அதைப் பார்த்திருக்கிறார். கடலுக்குள் முங்கி வேலை செய்பவர்கள் கட்டுவது, ஆழத்திலும் ஓடும், இருட்டில் புள்ளி புள்ளியாக மினுங்கும். அதைக் கேட்டு என் அம்மா சிரித்துவிட்டாள்.

"சித்திரை பொறந்தா இவுக ஊருல கெணத்துக்குள்ள எறங்கி வாளியில சுரண்டுறாக. முங்குறதுக்குத் தண்ணி எங்கயிருந்து வாங்கிட்டு வருவாகளாம்?"

"சும்மா இரு. கேட்டது மாப்பிள்ளை" என்றார் அப்பா. ஆனால் அவரும் சிரித்தார்.

அந்த மாதிரிக் கடிகாரம் அன்றைக்கு நம் கடைகளில் கிடைக்காது. கள்ளத்தனமாக வருவதை வாங்க அப்பா ஒப்பவில்லை. புதிதாக வரவழைக்கும் வசதியும் எங்களுக்கு இல்லை. விசாரித்ததில், தூத்துக்குடியில் கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன்னுடையதைக் கொடுக்கத் தயாராக இருப்பது தெரிந்தது. இங்கிலீஷ் படித்த பிள்ளை என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிய கடிகாரத்தை எடுத்து வந்தார். கனமான எஃகுக் கடிகாரம். கறுப்பு முகம், அதைச் சுற்றித் திருகுகிற ஒரு வளையம். கூடவே சுங்க ரசீதும் ஒரு சின்னக் கையேடும் இருந்தன. கையேட்டில் இருந்த எண்ணும் பின்மூடியில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன், ஒன்றாக இருந்தன. பக்கவாட்டில் இருந்த குமிழைத் திருகிக் காட்டி, அதை எப்போதும் இறுக்கி வைக்க வேண்டும், சாவி கொடுக்க வேண்டியதில்லை, கை அசைந்தாலே ஓடும் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. பின்மூடியை மட்டும் கண்ட ஆளுட்ட குடுத்துத் தொறந்துராதிய. உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு. அது பிசகிச்சுன்னா தண்ணி உள்ள ஏறிரும். அப்புறம் இது வெறும் இரும்பு."

கையேட்டிலும் அதுவே இருந்தது. வாசித்து அப்பாவுக்குச் சொன்னேன்.

பின்மூடியில் மூன்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தன. அவர் கப்பலை விட்டு இறங்கிய அன்று கூட வேலை பார்த்தவர்கள் பொறித்துக் கொடுத்த அவருடைய தலைப்பெழுத்துகள். "கல்யாணத்துக்குன்னு சொல்லுதிய. இது உங்களுக்குச் சங்கடமா இருக்காதா?" என்று அவரே கேட்டார். "கையில படுற பக்கம்தானே, யாரு பாக்கப் போறா" என்றார் அப்பா. அப்பா ரூபாயை எண்ணி வைத்த பிறகும் அந்தப் பொறியாளர் கடிகாரத்தைச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். எட்டயபுரம் தாண்டியும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மாறவில்லை.

வீட்டில் அம்மா கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து என்று தெரிந்தது.

"இது யாரு பேரு?"

அப்பா சொன்னார்.

"அடுத்தவுக பேரு போட்ட பொருளையா மாப்பிள்ளை கையில கட்டுறது? மங்கள காரியத்துக்குப் புழங்குன சாமான் குடுத்தாகன்னு தெரிஞ்சா என்னைய இல்ல கேப்பாக?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் எதுவும் வேறொருவர் உடம்பில் பட்டிருக்கக் கூடாது. வேட்டியிலிருந்து செருப்புவரை அந்த வழக்கம் உண்டு. அப்பாவுக்கும் அது தெரியும், ஆசையில் மறந்திருந்தார். மறுநாள் காலையில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, எங்கள் குடும்பத்துக்கு நகை செய்யும் ஆசாரியிடம் போனார்.

"அப்பா, தொறக்கக் கூடாதுன்னு சொன்னாகல்ல?" என்று வாசல்வரை வந்து கேட்டேன்.

"தொறக்கலம்மா. மேலாப்புல அராவி எழுத்தை எடுக்கப்போறாக, அவ்வளவுதான்."

மாலையில் வந்தபோது கடிகாரம் புதிதாக மின்னியது. பின்மூடியில் எழுத்து இருந்த சுவடே இல்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, ஆசாரியின் திறமையை அம்மாவிடம் விவரிக்கத் தொடங்கினார். அராவும்போது தூள் உள்ளே போய்விடக் கூடாது என்று ஆசாரி மூடியைத் தனியாகக் கழற்றினாராம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தாராம். "உள்ள ஒரு ரப்பரு இருந்துச்சாம், அழுக்கேறி நைஞ்சு போயி. அதைத் தூக்கிப் போட்டுட்டு அரக்கு வச்சு அடைச்சுட்டாக. உன் அட்டியலுக்குள்ள வைக்கிறாகள்ல, அதே அரக்கு. பொட்டுத் தண்ணி எறங்காதுன்னுட்டாக."

அந்த ஆசாரியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றும் வருவதில்லை. உள்ளே வெற்றிடம் உள்ள எந்த நகைக்கும் அரக்கு வைத்து அடைப்பது அவர் தொழில். மூன்று தலைமுறை நகைகளை அப்படி அடைத்துக் கொடுத்த கை அது.

அரக்கு அந்த ரப்பர் வளையத்துக்கு ஈடாகாது என்று எனக்கு மட்டும் தெரிந்தது. கையேட்டை வாசித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாளில் தனக்கென்று ஒரு கடிகாரம் வாங்காத மனிதர் அதைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டாமல் எடுத்து, பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். திருச்சுழியில் யார் முங்கப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். முன்பு அம்மா கேலியாகக் கேட்ட கேள்வியை நான் என் மௌனத்துக்கு நியாயமாக வைத்துக்கொண்டேன்.

வைகாசியில் அருப்புக்கோட்டையிலேயே கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் என் அண்ணன் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டினான். பந்தலில் ஆள் ஆளாக வந்து அவர் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். மாமனார் ஒருமுறை தலையசைத்தார். அப்பா அந்தத் தலையசைப்பைப் பார்த்துவிட்டுச் சமையல் கட்டுப் பக்கம் போனார். கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

பந்தி முடிந்த பிறகு, குடத்தில் மோதிரம் எடுக்கும் விளையாட்டு. வாய் குறுகிய பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீர். அதில் மோதிரத்தைப் போட்டு, மணமக்கள் இருவரும் கையை விட்டுத் துழாவ வேண்டும். யார் எடுக்கிறார்களோ அவர்கள் கைதான் வீட்டில் ஓங்கும் என்பார்கள். மாப்பிள்ளையின் அக்காள் புருஷன், மதுரையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், குடத்தருகே வந்து நின்றார்.

"மோதிரம் எல்லா வீட்டுலயும்தான் போடுறாக. மாமனார் கடலுக்குள்ள போற வாட்ச்சு வாங்கிக் குடுத்திருக்காக. அதைப் போடுங்கடா!"

ஒரே சிரிப்பு. மாப்பிள்ளை பெருமையோடு கடிகாரத்தைக் கழற்றினார்.

"வேணாமே" என்றேன். மணப்பெண்ணின் குரல் அந்தக் கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்? பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கேட்டது. "பாத்தீகளா, அப்பா வீட்டுச் சாமான் மேல இப்பவே பத்திரம்!" என்று அவள் கத்தினாள். சிரிப்பு இன்னும் கூடியது. கடிகாரம் தண்ணீருக்குள் விழுந்தது.

நான் கையை விட்டு, விழுந்த வேகத்திலேயே அதைப் பிடித்தேன். மேலே எடுக்க முயன்றபோது அவர் கை என் கையைக் குடத்துக்குள்ளேயே பிடித்துக்கொண்டது. அது விளையாட்டு; புது மாப்பிள்ளை அப்படித்தான் செய்வார். தண்ணீருக்குள் நான் இழுத்தேன், அவர் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. மூன்றாவது முறை நான் விட்டுவிட்டேன். அவர் ஜெயித்து, கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

கண்ணாடிக்குள் ஆவி படர்ந்திருந்தது. முள் நின்றிருந்தது.

"ஏலே மாப்ளே, வாட்ச்சுக்கு வேர்த்துருச்சுடா!" என்றார் அவருடைய கூட்டாளி ஒருவர்.

அக்காள் புருஷன் அதை வாங்கித் திருப்பினார். அரம் ஓடிய பளபளப்பைப் பார்த்தார். மூடி விளிம்பில் நகத்தை விட்டுக் கிள்ளினார். செம்பழுப்பாக ஒரு துணுக்கு பெயர்ந்து வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இதென்ன வாட்ச்சா, அட்டியலா? அரக்கு வச்சிருக்கு!"

அந்தச் சிரிப்பின் நடுவில் அப்பா வந்து நின்றார். என்ன நடந்தது என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. "ஆசாரி நல்லாத்தான் அடைச்சாக..." என்று தொடங்கினார். எதற்குத் திறந்தார்கள் என்று அக்காள் புருஷன் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்துவிட்டது. திறந்தது, அராவியது, வேறொருவர் கட்டியது. "பழசைத் தேச்சுப் புதுசுன்னு கட்டிட்டீகளாக்கும்" என்றாள் மாமியார். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். ரப்பர் வளையத்தைப் பற்றி எனக்கு முன்பே தெரியும் என்று அப்போது சொல்லியிருந்தால் குற்றத்தில் பாதியாவது என்மேல் வந்திருக்கும். நான் சொல்லவில்லை.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மாமனாரிடம் வேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மிக மெதுவாகச் சொன்னார்:

"உங்கப்பா குடுத்த வாக்கு எப்படி இருந்துச்சுன்னு நாங்க யாரும் போயிக் கேட்டமா தாயி? கேக்கல. நாங்க குடுத்ததையும் நீ கேக்காத."

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். கடைச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வேலையில் சேர இயலாது என்று பள்ளிக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று இரண்டே வரிகள் எழுதினேன். அந்த வாரம் என்னைப் பார்க்க வந்த அப்பாவிடம் மாமனார் அதைக் கொடுத்து, "உங்க ஊருதானே, போற வழியில குடுத்துருங்க" என்றார். அப்பா எனக்காக ஒரு வார்த்தை கேட்பார் என்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காப்பியைக் குடித்து முடித்தார். "வாரேம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். பெண்ணைக் கொடுத்த மனிதர், அதிலும் கூட்டத்தில் தலை குனிந்த மனிதர். எந்த வாயால் கேட்பார்? இதை இன்று நிதானமாக எழுதுகிறேன். அன்று அவரை நான் மன்னிக்கவில்லை.

வேலை போய்விட்டது என்ற கசப்போடு அந்த வீட்டில் பிள்ளை பெற்றேன், கணக்கெழுதிக் கொடுத்தேன், அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். என் வயதுப் பெண்கள் ஆசிரியைகளாகக் குடையோடு பஸ்ஸை விட்டு இறங்குவதைக் காணும்போதெல்லாம் அப்பாவின் சட்டைப்பைதான் நினைவுக்கு வரும்.

அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆன பிறகு, உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் அந்தப் பள்ளியின் பழைய தலைமை ஆசிரியையைச் சந்தித்தேன். நான் இன்னார் மகள் என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கப்பாவை மறக்க முடியாதும்மா. பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கே வந்தாரு. மகளுக்கு அம்மை போட்டிருக்கு, தலைக்குத் தண்ணி ஊத்துனதும் வந்து சேந்துரும், எடத்தை யாருக்கும் குடுத்துறாதீகன்னாரு. அப்புறம் தெனமும் வந்து எடம் இருக்கான்னு கேட்டுக்கிட்டு வெளியில நிப்பாரு. பதினோரு நாள் பாத்தேன். அதுக்கு மேல என்னால முடியல. கடைசி நாள்தான் பையில இருந்து ஒரு லெட்டரை எடுத்துக் குடுத்தாரு. மடிச்ச எடத்துல கிழிஞ்சு போயிருந்துச்சு. படிச்சுட்டு, இதை ஏன்யா முதல்லயே குடுக்கலைன்னு சத்தம் போட்டுட்டேன். ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனாரு."

சத்தம் போட்டதற்காக அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். பரவாயில்லை என்றேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போனார். எனக்கு முன்னால் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, யாரோ உப்பு வைத்துவிட்டுப் போனார்கள்.