அப்பாவுக்கு நான் அளித்த மன்னிப்பு

நான் பட்டம் பெறவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் படம் பொய். அந்தப் பொய்யை நம்பி என் அப்பா தீயில் இறங்கினார். ஒரே ஒரு வாக்கியத்தால் அவரைத் தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் இடையில் எங்காவது நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள்... வேண்டாம்.

எங்கள் ஊர் உடப்பு. அப்பா கரைவலை இழுப்பவர். கணினி படிக்க நான் மலேசியாவுக்குப் புறப்பட்ட அன்று அவர் அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தார். மகன் படித்து முடித்துப் பட்டத்தோடு வந்தால் தீ மிதிப்பேன் என்று. கவனியுங்கள், படித்து முடித்தால் என்பதுதான் பேச்சு.

முதல் வருடம் ஒழுங்காகப் படித்தேன். இரண்டாம் வருடம் சில பாடங்களில் தவறினேன். மூன்றாம் வருடம் வகுப்புக்கே போகவில்லை. காரணம் தேடாதீர்கள். காதலில்லை, நோயில்லை. சோம்பல்! விரிவுரைகள் விளங்கவில்லை, விளங்கவில்லை என்று வாய் திறந்து கேட்க வெட்கம், வெட்கத்தை மறைக்கப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். கல்லூரி என் பெயரை வெட்டியது. நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டே, சோதனை நடக்கிறது என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறைத்தோழன் பட்டம் பெற்ற நாளில் அவனுடைய அங்கியையும் தொப்பியையும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டேன். சிரித்தேன். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை!

ஊருக்குத் திரும்பியபோது சான்றிதழ் பின்னால் வரும் என்றேன். யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் படமே போதுமாக இருந்தது. அப்பா மீன் மச்சத்தை விட்டார், ஒருநேரச் சோறு, வெறும் பாயில் படுக்கை என்று விரதத்தைத் தொடங்கிவிட்டார்.

அம்மாதான் பயந்தார். அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. கடற்கரை மணலில்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாதென்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நீ சொன்னால் கேட்பார் என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நானும் போய் ஏதோ முணுமுணுத்தேன்.

அப்பா சிரித்தார். "வச்ச நேத்தி, தம்பி. அம்மன் தந்திட்டா. நான் குடுக்காம இருக்கேலுமா?"

அவ தரேல்ல அப்பா... மூன்றே மூன்று சொற்கள். சொல்லியிருந்தால் நேர்த்தியே இல்லை. தீயில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தேன்.

விரதத்தின் நடுவில் அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட மதுரங்குளிக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக் கடை ரசீத் நானாவுடையது; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அப்பாவுக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கம். நானா படத்தைப் பார்த்ததும் கதிரையை விட்டு எழும்பி வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தாராம். "பட்டதாரிட வாப்பா எங்கட கடையில இருந்து வெறும் வாயோட போகக்கூடாது" என்று பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் எடுப்பித்தாராம். விரத காலத்தில் அப்பா வெளியே பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். அன்று குடித்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

தீமிதிப்பன்று பிற்பகல் குளித்து மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தீயில் இறங்குமுன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். என் முன்னால் வந்து கைகூப்பினார். என் அப்பா... என்னை!

"சின்னதில ஒருக்கா உன்னை வலைக்கயிறால அடிச்சனான். மன்னிச்சுக்கொள் தம்பி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னித்தேன்! பெரிய மனிதனைப் போல, "மன்னிச்சிட்டன் அப்பா" என்றேன்.

மற்றவர்கள் தணலில் விறுவிறுவென்று போனார்கள். அப்பா மெதுவாகப் போனார். சூடு தெரிந்தால்தானே கால் ஓடும்? விரலிடுக்கில் ஒரு தணல் மாட்டிக்கொண்டது. அதுவும் தெரியவில்லை. அக்கரையில் ஏறி என்னைத் தேடிப்பார்த்துச் சிரித்தார். அவருடைய கால்களை மற்றவர்கள்தான் பார்த்தார்கள். இரண்டு கிழமைக்குள் வலக்காலின் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

கால் வெந்தால் விரதத்தில் பிழை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. மிதித்தவரின் பிழையைத்தான் தேடுவார்கள், வீட்டில் இருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. அப்பாவும் தேடினார். தேடித்தேடி அந்தத் தேத்தண்ணீரைக் கண்டுபிடித்தார். மச்சம் புழங்கும் கடைக் கோப்பையில் குடித்துவிட்டேனே என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தானே சொல்லி அழுதார்.

ரசீத் நானா தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானா வாசல் படலையடியில் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் என்ன பிழை செஞ்சன்?"

மருந்து மயக்கம் நானா என்றேன். எவ்வளவு இலகுவாக வருகிறது எனக்குப் பொய்! அதன்பிறகு அவர் வரவில்லை.

தீக்கு உன் பொய் தெரியுமா, எல்லாம் சீனி வருத்தம் செய்த வேலை என்பீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். சீ! வருத்தமுள்ள கால் என்று தெரிந்துதானே அனுப்பினேன்? படிப்பு எனக்கு வேறெதற்கும் உதவவில்லை, இப்படிச் சாக்குச் சொல்ல மட்டும் உதவுகிறது.

புண்ணை நான்தான் கழுவுகிறேன். சீழ் நாறும். அம்மா மூக்கைப் பொத்துவார், நான் பொத்தமாட்டேன். வெளிநாட்டில் படித்தும் தகப்பனின் காலைக் கழுவுகிறானே, பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று அயலவர்கள் மெச்சுகிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்கிறார்கள்... நாறுவது புண் அல்ல.

ஒரு வருடம் போய்விட்டது. இந்த முறை பிழையில்லாமல் மிதித்துப் பழைய குறையைத் தீர்க்க வேண்டும் என்று அப்பா மறுபடி விரதம் பிடித்தார். அம்மா அழுது பார்த்து ஓய்ந்துவிட்டார்.

இன்று பிற்பகல் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம்... இரவல் தொப்பிக்குக் கீழே என் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

"போன வருசம் அந்தத் தேத்தண்ணியக் குடிச்சு உன்ர பட்டத்துக்கே மாசு வச்சிட்டன். மன்னிச்சுக்கொள் தம்பி."

அந்த மூன்று சொற்களும் நாக்கு நுனிவரை வந்தன. உண்மையாகவே வந்தன... நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

"மன்னிச்சிட்டன் அப்பா" என்றேன்.

இப்போது கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்கிறது. தணலைப் பரப்பத் தொடங்கியிருப்பார்கள். அப்பா வரிசையில் நிற்பார். இங்கிருந்து கோயில் ஐந்து நிமிட நடைதான். ஓடினால் இன்னும் பிடித்துவிடலாம்.

நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.