ஆணியில் மாட்டிய தோட்டம்

எங்கள் தோட்டம் எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை. இன்றைக்கும் இல்லை. போன மாதம் கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் போகும் வழியில் என் மகன் காரை ஓரம் கட்டினான். கைப்பேசியை நீட்டி, "அம்மா, நீங்க பொறந்த எடம் இங்கதானே?" என்று கேட்டான். பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு வெறுமை, குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். கைப்பேசிக்குள் இருந்த பெண் இடது பக்கம் திரும்பச் சொன்னாள்.

"அவளுக்கு என்னடா தெரியும்? நேராப் போ" என்றேன்.

இந்தக் கோபம் எனக்குப் பதினோரு வயதில் வந்தது. இன்னும் போகவில்லை.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி அடித்து ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக் காவல்காரன் திறந்து கிளறிப் பார்ப்பான். எங்கள் அரிசி காட்டுக்காரர்களுக்குப் போகிறதாம். எங்கள் வயிற்றுக்கே போதாத அரிசி அது.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாத்தியார் மலாயா படத்தைச் சுவரில் மாட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் எழுந்து, "சார், நம்ம தோட்டம் எங்க சார்?" என்றேன்.

"நம்ம தோட்டமெல்லாம் இதுல வராது. கோலசிலாங்கூரே ஒரு கடுகு. ஒக்காரு."

"எடம் பத்தலயா சார்?"

வகுப்பு சிரித்தது. என் உள்ளங்கையில் பிரம்பு விழுந்தது. நான் கேட்டதில் என்ன தப்பு? அந்தப் படத்தில் பாதிக்கு மேல் கடல்தான் நீலமாகக் கிடந்தது. கடலில் யார் குடியிருக்கிறார்கள்? எழுநூறு பேர் குடியிருக்கும் தோட்டத்துக்கு ஒரு புள்ளி வைக்க முடியாதா? இவர்கள் போடாவிட்டால் நானே போடுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கடைக்காரரிடம் பால் டின் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். பள்ளி விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் அம்மாவோடு ரப்பர்க் காட்டுக்குப் போய், பால் வடியும் மங்குகளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் நடந்தேன். ரப்பர் மரங்கள் நேர் வரிசையில் நிற்பவை. வரிசையை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். நூலும் வேண்டாம், கோலும் வேண்டாம். ஆபீசில் காடுகளுக்கு நம்பர் வைத்திருந்தார்கள். நாங்கள் நம்பர் சொல்லமாட்டோம். மாடு செத்த மேடு, ஒத்தப் பலா, நெட்டையன் பாலம் என்றுதான் சொல்வோம். அந்தப் பேர்களையே எழுதினேன்.

ஒத்தப் பலாவில் செம்மண் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஸ்டோருக்குப் போகும். வலது பக்கம் கடைசிக் காட்டைத் தாண்டி, அலூர் என்று நாங்கள் சொல்லும் பெரிய வடிகாலின் கரையில் போய் முடியும். அங்கே சதுப்புக் காட்டை ஒட்டி ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசையில் முட்டை விற்கும் வயதான சீனத்தி ஒருத்தி தனியாக இருந்தாள். காலையில் கூடையோடு வேலிக்கு வெளியே வந்து நிற்பாள். கம்பி இடைவெளியில் முட்டை உள்ளே வரும், காசு வெளியே போகும். தம்பி காய்ச்சலில் கிடந்து இளைத்துப்போனபோது காசு வாங்காமல் ஒரு வாரம் முட்டை கொடுத்தவள். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அதுவும் "நல்ல முட்டை"யும்தான்.

ஒருநாள் அட்டையை அவள் குடிசைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அலூரைக் கண்டுபிடித்ததும் தொடையில் தட்டிச் சிரித்தாள். அப்புறம் அலூர்க் கரையில் விரலை வைத்து அழுத்தி, "சாயா பூஞா ரூமா மானா?" என்றாள். தன் வீடு எங்கே என்று மலாயில் கேட்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாத்தியார் எங்களை விட்டமாதிரி நானும் அவளை விட்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அவள் வீட்டைப் போட்டேன். வாத்தையும் போடு என்றாள். பதினோரு வாத்து. எண்ணிப் பார்த்துப் போட்டேன். அவள் விரல் அழுத்திய இடத்தில் கோழி எச்சக் கறை ஒன்று பதிந்துவிட்டது. அழித்துப் பார்த்தேன், போகவில்லை.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த அட்டையைப் படித்தார். வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "எங்கடி என் நெரை?" என்று கேட்டு, தான் வெட்டும் மர வரிசையைத் தானே தேடிப் பிடித்தார். "இந்த எடத்துல அலூரு வளையுமே, நேரா போட்டுட்டியே லா" என்று திருத்தினார். பிறகு ஓர் ஆணியை அடித்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களெல்லாம் தங்கள் நெரையைத் தேடினார்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் இதுதான் வேடிக்கை.

அதற்கப்புறம்தான் சோதனை வந்தது. பகல் பத்து மணி இருக்கும். எல்லோரையும் பெரட்டுத் திடலில் உட்காரவைத்து, லயம் லயமாகப் புகுந்து பார்த்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவன் அட்டையோடு வெளியே வந்தான். அதில் கேட்டு இருந்தது, காவல் குடிசை இருந்தது, தோட்டத்து மேனேஜர் தொரையின் பங்களா இருந்தது, தண்ணித் தொட்டி இருந்தது. காட்டுக்காரர்களுக்குப் போட்ட படம் என்று முடிவுகட்டி, யார் வீடு என்று கேட்டார்கள். அப்பா எழுந்து நின்றார். அவரை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

திடலில் ஆளாளுக்குப் பேசினார்கள். பிடித்துக்கொண்டு போனால் முகாமில் அடைப்பார்கள், பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். அப்பா பிறந்தது இதே தோட்டத்து இரண்டாவது லயத்தில். இந்தியாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து ஓடினேன். பின்னால் யாரோ கத்தினார்கள். நிற்கவில்லை.

ஆபீசில் தொரை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் வெயிலில் கழுத்துத் தோல் உரிந்த ஒரு வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மொழி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தரையில் குத்துக்காலிட்டிருந்தார், உதடு கிழிந்திருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

கிராணி திரும்பிப் பார்த்தார். "பால் வெட்டுறவன் மவ சர்வேயரா? ஓடு புள்ள, ஒதைபடாம."

"பேப்பர் குடுங்க ஐயா. போட்டுக் காட்டுறேன்."

அவர் கையை ஓங்கினார். அதிகாரி தடுத்து என்னவென்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு தாளும் பென்சிலும் கொடுக்கச் சொன்னார். தரையில் உட்கார்ந்தேன். கேட்டிலிருந்து ஆரம்பித்தேன். எதையும் பார்க்காமல் லயம், ஸ்டோர், நெட்டையன் பாலம், ஒத்தப் பலா, இரண்டாகப் பிரியும் ரோடு, வளையும் அலூர் எல்லாவற்றையும் போட்டேன். ஒரு கோட்டைக்கூட அழித்துப் போடவில்லை. அதை இன்றும் பெருமையாகத்தான் சொல்வேன்.

போட்டு முடித்ததும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் படம் தொங்கியது. அதன் முன்னால் போய் நின்றேன். "இது தப்பு. அலூரு இங்க வளையும். இந்தப் பாலம் போன வருசமே வெள்ளத்துல அடிச்சிக்கிட்டுப் போச்சு."

கிராணி தொரையின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க ஐயா. அவர்கிட்ட சொல்லுங்க, ஆபீஸ் படம் தப்புன்னு."

தொரைக்குத் தமிழ் தெரியும். அவர் காது சிவந்துபோயிற்று. அதிகாரி எழுந்து வந்து மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய விரல் என் அட்டையில் அலூர்க் கரைக்குப் போய் நின்றது. ஆபீஸ் படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை.

"இது என்னன்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல தொரை. பழைய கொட்டாய். யாரும் இல்ல."

"இல்லப்பா!" என்றேன். அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். "அது முட்டைக்காரம்மா வீடு. இன்னும் அங்கதான் இருக்காங்க. பதினோரு வாத்து வச்சிருக்காங்க. நான் எண்ணியிருக்கேன்."

கிராணி மொழி மாற்றியதும் அதிகாரி தலையாட்டினார். அப்பாவைப் போகச் சொன்னார். எனக்கு ஒரு பென்சில் கொடுத்தார், ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். படங்களை வைத்துக்கொண்டார். வீடு வரைக்கும் அப்பா என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தார். வீட்டில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். லயத்துப் பிள்ளைகளெல்லாம் பென்சிலைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் ராணி மாதிரி இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து லோரிகள் வந்தன. அம்மா ஒத்தப் பலாவுக்குப் பக்கத்துக் காட்டில் பால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாளி பிடித்துக்கொண்டிருந்தேன். பலா மரம் அப்போது இல்லை. யாரும் பதுங்கி நின்று சுடக்கூடாது என்று ரோட்டோர மரங்களையெல்லாம் பட்டாளமே முந்தின வாரம் வெட்டிப் போட்டிருந்தது. லோரிகள் பிரியும் இடத்தில் நின்றன. அதே அதிகாரி இறங்கினார். கையில் என் அட்டை. என் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இங்கிலீஷ் எழுதியிருந்தது. அவர் பலா மரத்தைத் தேடினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். லோரிக்காரன் இடது பக்கம் திருப்பப் போனான்.

என் படம் தப்பு என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குப் பதறியது. அம்மா தடுப்பதற்குள் ரோட்டுக்கு ஓடினேன். பலாவின் அடிக்கட்டையில் ஏறி நின்று, வலது பக்கம் கையை நீட்டினேன். அதிகாரி என்னை அடையாளம் கண்டு தொப்பியைத் தொட்டார். லோரிகள் வலது பக்கம் திரும்பின.

கொஞ்ச நேரத்தில் அலூர்ப் பக்கம் புகை எழும்பியது. லோரிகள் திரும்பி வந்தபோது பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் முட்டைக்கூடை, ஒரு துணி மூட்டை. காட்டோரம் தனியாக இருக்கும் சீனர்கள் காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுக்கிறார்கள் என்று, எங்கோ கம்பி போட்ட புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோனார்களாம். அதிகாரியின் முழங்காலில் என் அட்டை இருந்தது. கறை பட்ட அந்த அட்டை அவளுக்குத் தெரியும். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையாட்டினேன். என் பக்கம் திரும்பவில்லை.

எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என் மகன் சொல்கிறான். அந்த ஆறுதலை அவனே வைத்துக்கொள்ளட்டும். படத்தில் இல்லாத வீட்டைத் தேடி யாரும் வரவில்லை. படத்தில் வந்த பிறகுதான் வந்தார்கள். அதற்காகப் பழி முழுவதையும் நானே சுமப்பேன் என்றும் நினைக்கவேண்டாம். தீ வைத்தது என் கை இல்லை. ஒரு கிழவியின் அத்தாப்புக் குடிசைக்குப் பயந்த அரசாங்கம் அது. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்று மாலை வாத்துகள் அலூர் வழியாக நீந்தி வேலி வரைக்கும் வந்துவிட்டன. எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தன. வீட்டுக்குள் வந்தபோது அப்பா சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அது சுலபமாக வரவில்லை. கையில் ரத்தம் வந்தும் விடவில்லை.

அடுத்த படத்தை இன்னும் பெரிய அட்டையில் போடப்போகிறேன், அதற்குப் பெரிய ஆணி அடிக்கத்தான் அப்பா இதைப் பிடுங்குகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பென்சிலின் இரண்டு முனையையும் சீவி வைத்துக்கொண்டு, அவர் எப்போது அடிப்பார் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.