எலுமிச்சம்பழமும் இரண்டு செக்கனும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வளைவில்லாத ரோடு ஃபெக்டரிக்கு முன்னால் மட்டுந்தான் இருக்கிறது. கோயில் திருவிழா விளையாட்டில் ஓட்டோக்களை அங்கேதான் இரண்டிரண்டாக ஓட விடுவார்கள். நான் அதிகம் பேசாதவன். அதனால் பக்கம் சாயமாட்டேன் என்று நம்பி, கொடியை என்னிடம் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு ஓட்டோவின் முன் சக்கரத்தடியிலும் ஒரு எலுமிச்சம்பழம் வைப்போம். சாமிக்கும் ஆச்சு, எல்லைக் கோட்டுக்கும் ஆச்சு. கொடி இறங்குமுன் பழம் நசுங்கினால், ஓடிய நேரத்தோடு இரண்டு செக்கன் கூட்டவேண்டும். இது கமிட்டியின் சட்டம்.

கடைசி ஓட்டத்தில், தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு ஓட்டோக்காரருக்கு எதிராக நின்றவன் என் மனைவியின் தம்பி. பரிசு ஒரு புது டயர். அவனுடைய பின் டயர் என் தலையைப் போல வழுக்கை.

"மச்சான், இது கெடைக்கலேன்னா மழைக்கு ஓட்டோவ லயத்து வாசல்லயே நிப்பாட்ட வேண்டியதுதான்" என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

கொடி மேலே இருக்கும்போதே அவனுடைய பழம் 'பச்சக்' என்றது. முதலில் போய்ச் சேர்ந்ததும் அவன்தான், ஒரு செக்கன் வித்தியாசத்தில். நான் கொப்பியில் இரண்டு செக்கனைக் கூட்டிக் கமிட்டியிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். கீழ்க்கணக்குக்கு வெற்றி என்று மைக்கில் சொன்னார்கள்.

கொழுந்து நிறுப்பது என் வேலை. தினமும் என்னிடம் கொழுந்து கொண்டுவரும் அக்கா ஒருவர் கூட்டத்தில் எழுந்துவிட்டார். "என்னங்கய்யா, கொழுந்துல கழிக்கிற மாதிரியே இங்கயும் சத்தமில்லாம கழிச்சிட்டீங்க? காரணத்த மைக்குல சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. மைக்கைப் பிடித்தேன். "கொடி... பழம்... முந்தி..." அதற்கு மேல் வரவில்லை.

"யாரு பாத்தா?" என்றான் மச்சினன்.

முன்வரிசையில் ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த பெண் கையைத் தூக்கினார். "நான் பாத்தேன். சாறு இந்தக் கண்ணுல அடிச்சிருச்சு. மத்தக் கண்ணால பாக்குறேன், ஐயா கையில கொடி அப்பவும் மேலதான் நிக்குது!"

டயர் கீழ்க்கணக்குக்குப் போனது.

மறுநாள் வேலையில், "ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கிறேன்" என்று நான் வாய்விட்டுச் சொல்லவேண்டியதாயிற்று. சொல்லும்வரை அந்த அக்கா தராசைவிட்டு நகரவில்லை.

போன வாரம் மச்சினனின் ஓட்டோவில் கந்தப்பளைக்குப் போனேன். நல்ல மழை. ஏற்றத்தில் பின் சக்கரம் சும்மா சுற்றியது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"எறங்கித் தள்ளுங்க மச்சான். காரணத்தையும் சொல்லிர்றேன். டயரு வழுக்கை."

காரணம் சரியாகத்தான் இருந்தது. இறங்கினேன்.