வீட்டில் மாற்றிய எண்ணெய்

"உங்கப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் சாப்பிடுறார்?"

அப்பாவுக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்து குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "மாசத்துக்கு ரெண்டு லிட்டர்தான் வாங்குறோம் டாக்டர்" என்று உடனே சொல்லிவிட்டேன். பதில் தெரிந்த பெருமைகூட அப்போது எனக்கு இருந்தது. அந்தப் பதில் தவறு. சரியான பதில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லபடியாக எழுது என்றார் அம்மா. எழுத உட்கார்ந்தால் எண்ணெய்தான் முன்னால் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா செம்பாக்கத்தில், ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். பங்கு பிரித்தபோது அவருக்கு வந்த துண்டு நிலம் பிழைப்புக்குப் போதவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசையும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பதினோரு ஆண்டுகள் விறகு அடுப்பின் முன்னால் நின்றார். இரண்டு முன்கைகளிலும் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பிறகு ராஜகீழ்ப்பாக்கம் கூட்டுச்சாலை அருகே சொந்தக் கடை போட்டார். முதல் ஆண்டு மழையில் மைதா மூட்டைகள் மொத்தமும் நனைந்து வீணாயின. அம்மாவின் வளையல்களைக் கொண்டுதான் மறுபடி அடுப்பு எரிந்தது. நேற்றைய பன்னை இன்று விற்றவர் அல்ல அப்பா. என்னையும் தம்பியையும் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். என் திருமணத்தன்றுகூட அதிகாலையில் கடைக்குப் போய்விட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார்.

சுனாமி வந்ததற்கு மறு வருடம் அந்த முதல் வலி வந்தது. வனஸ்பதி கூடாது, பொரித்தது கூடாது, எண்ணெயைப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அம்மா வீட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். முதலில் கடலை எண்ணெயை நிறுத்திவிட்டுச் சூரியகாந்தி பாக்கெட் வாங்கினேன். அதைச் சூடாக்குவது நல்லதல்ல என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் தவிட்டு எண்ணெய்க்கு மாறினேன். ஒரு பத்திரிகையைப் படித்துவிட்டு ஆலிவ் எண்ணெய் ஒரு குட்டிப் புட்டி வாங்கி, அதை ரசத்தில் ஊற்றலாமா கூடாதா என்று தெரியாமல் அலமாரியிலேயே வைத்திருந்தேன்.

அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுநாள் தாளிப்பதற்கு வைப்பது அம்மாவின் வழக்கம். ஒருநாள் அதை எடுத்துக் கொட்டிவிட்டேன்.

"நல்ல எண்ணெய யாராவது சாக்கடையில ஊத்துவாங்களா? வாரத்துக்கு ஒரு எண்ணெய் மாத்துற. அந்த மனுஷன் வாயில எதுதான் ருசிக்கும்?" என்று திட்டிவிட்டு அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்பாவின் பிறந்தநாளுக்கு வனஸ்பதி, வெண்ணெய் எதுவும் சேர்க்காமல், தவிட்டு எண்ணெயிலேயே என் சின்ன ஓவனில் கேக் செய்தேன். பேக்கரிக்காரருக்கே கேக்!

ஒரு வாய் மென்றுவிட்டு, "இன்னாம்மா, கேக்குன்னு சொன்ன, களி மாதிரி கீது?" என்றார்.

"அப்பா!"

"நல்லாத்தான் கீது. உள்ள எறங்கறதுக்கு ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடு."

சிரித்துக்கொண்டே இரண்டாவது துண்டும் சாப்பிட்டார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பின் எண்கள் இறங்கவில்லை. நான் கரண்டியை விட்டுவிட்டு டீஸ்பூனால் எண்ணெயை அளக்க ஆரம்பித்தேன். அப்போதும் இறங்கவில்லை.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அப்பாவின் சாப்பாட்டை நானே கடைக்கு எடுத்துப் போனேன். கடையில் அடுப்பு வேலை பார்க்கும் மாஸ்டர் அண்ணன் பப்ஸ் தட்டை இறக்கினார். அப்பா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று, தலையசைத்தார். தட்டு கண்ணாடி அலமாரிக்குப் போனது. அடுத்து பன் தட்டு. மறுபடியும் ஒரு துண்டு, ஒரு தலையசைப்பு. அதற்கடுத்து பிஸ்கட்.

"அப்பா, வாயில என்ன?"

"வெந்துச்சான்னு பாத்தேம்மா."

"டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாரே!"

"இது சாப்பாடா? வேலைம்மா இது."

மாஸ்டர் அண்ணனும், "முதலாளி ருசி பாக்காம நம்ம கடையில ஒரு தட்டும் வெளிய போனதில்ல பாப்பா" என்றார், பெருமையாகத்தான்.

அவர் பின்னால் வனஸ்பதி டின்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த காட்சிதான் இது. அந்தத் தலையசைப்பைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனால் மருத்துவர் கேட்டபோது எனக்கு வீட்டு எண்ணெய் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அப்பா எதையும் மறைக்கவில்லை. அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இனிமேல் மாஸ்டர் பார்க்கட்டும் என்று அழுதேன். "சரிம்மா, அழாத" என்றார். அதன்படி நடந்தாரா என்று கடைக்குப் போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, கடையிலேயே மைதா மூட்டைமேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அப்பா கையில் பாதி பன் இருந்தது என்கிறார் மாஸ்டர் அண்ணன். இல்லவே இல்லை என்கிறான் தம்பி. எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறானோ என்று தோன்றுகிறது.

அப்பாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு சிக்னலில் நிற்காமல் பறந்த மருந்துக்கடை அண்ணனையும், எங்களிடம் கடைசிவரை பொறுமையாகப் பேசிய மருத்துவரையும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களையும் மறக்க மாட்டோம். காரியம் முடிந்த மறுநாளே கடையைத் திறந்து நிறுத்திய மாஸ்டர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இப்போது கடையைத் தம்பி நடத்துகிறான். வயது முப்பதுகூட ஆகவில்லை. போன மாதம் என் தொல்லை தாங்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டான். தாளைப் பார்த்ததும் அப்பாவுடையதைத்தான் தவறி எடுத்துவிட்டேனோ என்று பெயரை இரண்டு முறை படித்தேன். அவனும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றைப் பிய்த்துத்தான் பார்க்கிறான். மாஸ்டர் பார்க்கட்டுமே என்றால், "ஏன்க்கா, அவரு நெஞ்சு மட்டும் இரும்பா? அவருக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்று கேட்கிறான். வனஸ்பதிக்குப் பதில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் பப்ஸ் போட்டுப் பார்த்தான். அடுக்குப் பிரியவே இல்லை, பொட்டலத் தாளெல்லாம் எண்ணெய். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வந்து கடைமுன் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தாலும் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களில் என் மகளும் ஒருத்தி.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று தம்பியிடமே படிக்கக் கொடுத்தேன். "போடுக்கா. வர்றவங்க யாராவது ஒரு வழி சொல்லட்டும்" என்றான்.

அதனால் கேட்கிறேன். வனஸ்பதி இல்லாமல் பப்ஸ் அடுக்கு எழும்ப வழி தெரிந்தவர்கள், இப்படி நெஞ்சுவலி கண்ட வீட்டில் சமைப்பவர்கள், நம் உறவில் மருத்துவம் படித்த பிள்ளைகள், யாராக இருந்தாலும் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடாதீர்கள். தம்பி பந்தியில்தான் பரிமாறிக்கொண்டிருப்பான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் அக்காவுக்கு எண்ணெய்ப் பைத்தியம் என்று சிரிக்கிறான். நாளைக் காலை ஐந்து மணிக்கு அவன் முதல் தட்டை இறக்கிவிடுவான்.